சபைக்குக் கட்டிய காசு எங்கே போகிறது? பற்றுச்சீட்டிலிருந்து கிரவல் றோட்டு வரை: வன்னி வாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

குப்பைக்குக் கட்டிய காசு குப்பை அள்ளத்தான் போகும், வாகன வரி றோட்டுப் போடத்தான் போகும் என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிரதேச சபைக்கு எந்தப் பெயரில் காசு கட்டினாலும் அது போய்ச் சேருவது சபை நிதி என்ற ஒரே பெட்டிக்கு. மாகாணத்துக்குக் கட்டுவது மாகாண நிதியத்துக்கு. உள்ளே போனதும் எல்லாம் கலந்துவிடும். கலந்ததை மறுபடி பிரித்து, இன்ன வேலைக்கு இவ்வளவு என்று ஒதுக்குவது பாதீடு. அதனால் கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்கப் போகிறவர் சிறாப்பரின் (காசாளரின்) கவுண்டரில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை. பாதீட்டுப் புத்தகத்தையும் வருடாந்தக் கணக்கறிக்கையையும் கையில் எடுக்க வேண்டும்.

அதை எப்படி எடுப்பது, எடுத்தால் எந்த வரியை வாசிப்பது, எங்கே காசு சிக்கிக்கொள்ளும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் வரி கட்டுகிறவர்களுக்கு எழுதியது. 2025 மே 6 தேர்தலில் முதன்முறையாகச் சபைக்குப் போன உறுப்பினர்களுக்கும் பயன்படும்.

படி 1: எது உங்கள் சபை, எது யாருடைய வீதி

பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. முன்னது மத்திய அரசின் நிர்வாகம், பின்னது வாக்களித்துத் தெரிவுசெய்யும் சபை. எல்லைகளும் பொருந்தாது. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 4, சபைகள் 3: கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி. கண்டாவளை செயலகப் பிரிவில் இருப்பவருக்குச் சபை கரைச்சிதான். கிளிநொச்சி நகரத்துக்கென்று தனி நகர சபை கிடையாது. அதுவும் கரைச்சிப் பிரதேச சபைக்குள். முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என 4 சபைகள். ஒட்டுசுட்டான் மக்கள் புதுக்குடியிருப்புச் சபைக்குள் வருகிறார்கள். வவுனியா நகரம் இப்போது மாநகர சபை, சுற்றியுள்ள கிராமங்கள் பிரதேச சபைகளின் கீழ். மன்னார் நகரம் நகர சபை.

இதைத் தெளிவாக்காமல் கடிதம் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். வீதியும் அப்படியே. ஏ9, பரந்தன் - முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் - முல்லைத்தீவு ஏ34 போன்ற ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. வாய்க்கால் வீதிகளும் குளக்கட்டு வீதிகளும் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. மிச்சம் உள்ள ஒழுங்கைகளும் கிராம வீதிகளும்தான் சபைக்கு. சபையிடம் வீதிப் பதிவேடு உண்டு. உங்கள் ஒழுங்கை அதில் பெயரோடு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவேட்டில் இல்லாத ஒழுங்கைக்குச் சபை காசு செலவழித்தால் கணக்காய்வில் மாட்டும். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு புதிதாக வெட்டிய ஒழுங்கைகளில் பல இந்தக் காரணத்தால்தான் ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போகின்றன.

இன்னொரு குழப்பமும் உண்டு. வயல்காரர் கமநல சேவை நிலையத்தில் கட்டும் ஏக்கர் வரி சபைக்கு வருவதில்லை. அது 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழான வேறு கணக்கு. அதைச் சபைக் கூட்டத்தில் கேட்டுப் பயனில்லை.

படி 2: பற்றுச்சீட்டை வாசியுங்கள்

பற்றுச்சீட்டில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: அச்சடித்த தொடர் இலக்கம், திகதி, தொகை, வருமானத் தலைப்பு. கடைசியானதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பிறகு பாதீட்டில் உங்கள் காசைத் தேடப்போவது அதை வைத்துத்தான். சபைகளின் வருமானம் பெரும்பாலும் இந்தத் தலைப்புகளில் பிரியும்: வீதமும் வரியும், வாடகையும் குத்தகையும், உரிமக் கட்டணம், சேவைக் கட்டணம், பிடியாணைச் செலவும் தண்டமும், ஏனைய வருமானம், அரச நன்கொடை. கடை வாடகை "ஏனைய வருமானம்" என்று விழுந்திருந்தால் வாடகைத் தலைப்பில் வரவு குறைவாகத் தெரியும். அடுத்த ஆண்டு பாதீட்டில் அந்தச் சந்தைக்கு ஒதுக்கீடும் குறையும். சின்னப் பிழைதான், ஆனால் ஆண்டாண்டாகத் தொடரும்.

வெளிக்களத்தில் வந்து அறவிடும் உத்தியோகத்தரிடம் காசு கொடுத்தால் அங்கேயே அச்சடித்த பற்றுச்சீட்டு வாங்குங்கள். "ஒபிசுக்குப் போய் எழுதித் தாறன்" என்பதை ஏற்க வேண்டாம். களத்தில் நடக்கும் மோசடியில் மிகப் பழையது, இன்று வாங்கிய காசை ஒரு கிழமை கழித்து வேறொருவரின் காசால் ஈடுசெய்வது. பற்றுச்சீட்டின் திகதியும் அந்தத் தொகை வங்கியில் வைப்பிலிட்ட திகதியும் விலகிப்போனால் அதற்கான அறிகுறி அதுதான். சபையின் உள்ளகக் கணக்காய்வு ஒழுங்காக நடந்தால் ஒரு மாதத்துக்குள் பிடிபட வேண்டும்.

படி 3: அறவிட அதிகாரம் இருக்கிறதா

சபை நினைத்தபடி கட்டணம் போட முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமோ, அதன் கீழ் சபை ஆக்கிய துணை விதியான உபவிதியோ, சபைத் தீர்மானமோ பின்னால் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான வரி, உரிமக் கட்டணங்களைச் சபை தீர்மானமாக நிறைவேற்றி வர்த்தமானியின் உள்ளூராட்சிப் பகுதியில், அதாவது பகுதி நான்கு ஆவில், வெளியிடும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதைத் தமிழிலேயே எடுக்கலாம். கவுண்டரில் கேட்ட தொகை வர்த்தமானித் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆதனவரி. ஊரில் சோலைவரி என்போம். கட்டடங்கள் நிறைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களில் மட்டுமே பிரதேச சபை இதை அறவிடலாம். காணிக்கும் கட்டடத்துக்கும் ஒரு வருடத்துக்கு என்ன வாடகை கிடைக்குமோ அதுவே ஆண்டுப் பெறுமதி. அதைக் கணிப்பது விலை மதிப்பீட்டுத் திணைக்களம். வீதத்தைச் சபை தீர்மானிக்கும். ஆண்டுப் பெறுமதி 20,000 ரூபா, வீதம் 6% என்று வைத்தால் வரி 1,200 ரூபா. முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10% கழிவு, ஆகவே 1,080 ரூபா. காலாண்டாகக் கட்டுபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5% கழிவு: 300 ரூபாவுக்கு 285. கழிவு போட்டுத் தர மறந்துவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். பெறுமதி கூடிப்போய்விட்டது என்று நினைத்தால் அறிவித்தலில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள். நாள் கடந்த பிறகு தவிசாளரே நினைத்தாலும் குறைப்பது சிரமம்.

வியாபார உரிமமும் வரிகளும். பலர் ஏமாறும் இடம் இது. உபவிதியின் கீழ் உரிமம் தேவைப்படும் தொழிலுக்கு, பேக்கரி, உணவகம், சலூன் போன்றவற்றுக்கு, கடைக் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை வைத்து உரிமக் கட்டணம். சட்டம் போட்ட உச்சம்: ஆண்டுப் பெறுமதி 750 ரூபா வரை 500, 1,500 ரூபா வரை 750, அதற்கு மேல் 1,000 ரூபா. உரிமம் தேவைப்படாத கைத்தொழிலுக்குக் கைத்தொழில் வரி, அதற்கும் இதே படிமுறை. உரிமமும் தேவையில்லாத, கைத்தொழில் வரிக்கும் உட்படாத வியாபாரத்துக்குத்தான் தொழில் வரி. அது போன ஆண்டு வருவாயை வைத்து. ஒரே வியாபாரத்துக்கு உரிமக் கட்டணமும் தொழில் வரியும் சேர்த்துக் கேட்டால் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

தொழில் வரியின் படிமுறையைப் பாருங்கள், சபைகள் ஏன் எப்போதும் கையேந்துகின்றன என்று விளங்கும். 6,000 ரூபா வரை இல்லை. 12,000 வரை 90 ரூபா. 18,750 வரை 180. 75,000 வரை 360. 150,000 வரை 1,200. அதற்கு மேல் எவ்வளவானாலும் 3,000. இது 1987இல் எழுதிய படிமுறை. ஆண்டுக்கு 150,000 என்றால் நாளுக்கு 411 ரூபா வியாபாரம். பெட்டிக்கடைக்காரரே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். அவரும் மொத்த வியாபாரியும் அதே 3,000 ரூபாதான் கட்டுவார்கள். அதே சட்டம் மாட்டுவண்டிக்கு 20 ரூபா, யானைக்கு 50 ரூபா என்று வரி வைத்திருக்கிறது. வர்த்தமானி அறிவித்தல்களில் இன்றும் அந்த யானை நடந்து வருகிறது.

காணியை ஏலக்காரர் அல்லது தரகர் மூலம் விற்றால் விற்பனைத் தொகையில் 1% சபைக்கு. வன்னியில் இது பெரும்பாலும் அறவிடப்படுவதேயில்லை, ஏனென்றால் விற்பனை சபைக்குத் தெரிய வருவதில்லை. வீதிக் கோட்டுச் சான்றிதழ், கட்டட அனுமதி, விளம்பரப் பலகை, மண்டப வாடகை, மலக்கழிவு பௌசர் ஆகியவற்றுக்கான கட்டணங்கள் எல்லாம் தீர்மானத்தின்படி. வர்த்தமானியையோ சபையின் கட்டண அட்டவணையையோ பாருங்கள்.

படி 4: குத்தகை, சபையின் உண்மையான சோறு

வரியில் உச்சவரம்பு இறுக்கமாக இருப்பதால், சந்தைக் குத்தகையும் கடை வாடகையும்தான் பல சபைகளைத் தூக்கி நிறுத்துகின்றன. காசு அதிகமாக ஒழுகும் இடமும் இதுதான். ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்:

முதலில் குறைந்தபட்சக் கேள்வித் தொகை, அதாவது ரெண்டரில் ஏற்கக்கூடிய மிகக் குறைந்த தொகை, தீர்மானிக்கப்படும். போன ஆண்டுத் தொகை, விலை மதிப்பீடு இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். அடுத்து பத்திரிகையிலும் அறிவித்தல் பலகையிலும் கேள்விகோரல். கேள்விப் பத்திரங்கள் குறித்த நேரத்தில், கேள்விகாரர் முன்னிலையில் திறக்கப்படும். கூடிய தொகை கேட்டவருக்குக் கொடுக்காவிட்டால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு உடன்படிக்கை, வைப்புப் பணம், மாதத் தவணை.

எங்கே பிழைக்கும்? டிசம்பரில் முடிய வேண்டிய கேள்விகோரல் பெப்ரவரிக்கு இழுபடும். இடைக்காலத்துக்குப் பழைய குத்தகைக்காரரே பழைய விலையில் தொடர்வார். இரண்டு மாதம்தானே என்று விடுவது ஆறு மாதமாகும். அடுத்த வழி, கேள்வியைக் கூடப் போட்டு எடுத்துவிட்டு மூன்று தவணை கட்டிய பிறகு நிறுத்திவிடுவது. வைப்புப் பணம் சிறிதாக இருந்தால் சபைக்குப் பிடிமானம் இல்லை. வழக்குப் போட்டால் வருடங்கள். ஆகவே ஒரு சபையின் குத்தகை நிர்வாகத்தை அளக்க ஏலத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆண்டு இறுதியில் எவ்வளவு உண்மையில் வந்தது, நிலுவை எவ்வளவு என்ற இரு எண்களைப் பாருங்கள். ஏலத் தொகையைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர் நிலுவையைச் சொல்லமாட்டார்.

இன்னொன்று, புதிதாகக் கட்டிய கடைத்தொகுதிகள். நன்கொடைக் காசில் கட்டடம் எழும்பிவிடும். மக்கள் போகாத இடத்தில் கட்டினால் குத்தகைக் கேள்வி போட ஆள் வராது. வாடகை வராத கட்டடத்துக்குச் சபை மின்சாரமும் காவலும் கட்டிக்கொண்டிருக்கும். திட்டம் மேசைக்கு வரும்போதே உறுப்பினர்கள் கேட்க வேண்டியது: இதன் பராமரிப்புச் செலவு எந்த வருமானத் தலைப்பிலிருந்து?

படி 5: சபைக்குரியது, ஆனால் வேறிடத்தில் விழும் காசு

முத்திரைக் கட்டணமும் நீதிமன்றத் தண்டப்பணமும் சட்டப்படி சபை நிதிக்கு உரிய வருமானம். ஆனால் இரண்டையும் அறவிடுவது சபை இல்லை. இங்கேதான் வன்னிச் சபைகள் கூடுதலாகக் காத்திருக்கின்றன.

காணி உறுதி எழுதும்போது கைமாற்றத்துக்கு முதல் 100,000 ரூபாவுக்கு 3%, மிச்சத்துக்கு 4% என்பது நெடுநாள் வீதம். 25 இலட்சம் ரூபாக் காணிக்கு 3,000 + 96,000 = 99,000 ரூபா. இந்தத் தொகை வங்கி மூலம் மாகாணக் கணக்குக்குப் போகும். நொத்தாரிசு உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவார். தன் எல்லைக்குள் பதிவான உறுதிகளின் விபரத்தைச் சபை திரட்டி, பதிவகத்தின் உறுதிப்படுத்தலோடு மாகாணத்திடம் கோரிக்கை அனுப்ப வேண்டும். கோரினால்தான் காசு வரும்.

உறுதியில் காணி எந்தச் சபை எல்லைக்குள் என்று சரியாக எழுதாவிட்டால் கோரிக்கையில் அந்த உறுதி விடுபடும், அல்லது பக்கத்துச் சபைக்குப் போகும். எல்லைக் கிராமங்களில் இது சர்வசாதாரணம். உறுதி எழுதும் நாளில் சபையின் பெயரை நொத்தாரிசிடம் சொல்லி எழுதுவிப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதற்குச் செலவில்லை.

வன்னிக்குத் தனியான ஒரு தடையும் உண்டு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் காணிகள் பெரும்பாலும் அரச காணிகள், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப்பத்திரத்தில் இருப்பவை. அவற்றைச் சாதாரண உறுதியில் விற்க முடியாது. உறுதி இல்லாத இடத்தில் முத்திரைக் கட்டணமும் இல்லை. காட்டுப் பரப்பும் பெரிது. அதனால் யாழ்ப்பாணத்துச் சபையின் முத்திரை வருமானத்தைத் துணுக்காயோடு ஒப்பிட்டு "இவர்களுக்குத் திறமை இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. பரப்பு பெரியது, வீதி நீளம், வரி கட்டும் உறுதிக்காணி கொஞ்சம். மண், கிரவல் அகழ்வு இங்கே பெரிய தொழில். ஆனால் அதன் உரிமக் கட்டணமும் உரிமைப்பங்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்குப் போகின்றன. டிப்பர் உடைத்த வீதியைத் திருத்துவது சபை.

தண்டப்பணம் நீதிவான் நீதிமன்றங்களில் விழும். குறிப்பிட்ட சட்டங்களின் கீழான தண்டம் மட்டுமே சபைக்கு உரியது. இதற்கும் கோரிக்கை, சரிபார்ப்பு, காத்திருப்பு. கணக்கறிக்கையில் "பெறவேண்டியவை" என்ற தலைப்பில் முத்திரைக் கட்டணமும் தண்டப்பணமும் எவ்வளவு நிற்கின்றன என்று பாருங்கள். அந்தத் தொகை ஆண்டுக்காண்டு ஏறுமானால் இரண்டில் ஒன்று: சபை கோரிக்கை அனுப்பப் பிந்துகிறது, அல்லது மாகாணம் விடுவிக்கப் பிந்துகிறது. கோரிக்கைக் கடிதத்தின் திகதியைக் கேட்டால் யார் பக்கம் தாமதம் என்பது வெளிச்சமாகும்.

மாகாணத்தின் கதை சுருக்கமாக. வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண நிதியத்துக்குப் போகிறது. முன்பு மாகாணங்கள் வியாபாரத்தின் மொத்த விற்பனை மீதான புரள்வு வரியை அறவிட்டன. 2011 முதல் அது நீங்கி, பதிலாக மத்திய அரசு தேசக் கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கு, முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70% என்று பகிர்ந்தது. 2019 டிசம்பரில் தேசக் கட்டுமான வரியே ஒழிந்தது. மாகாணச் செலவின் பெரும்பகுதி ஆசிரியர், சுகாதாரச் சம்பளம். அது நிதி ஆணைக்குழுவின் சிபார்சில் வரும் மத்திய நன்கொடையில் நடக்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு உறுப்பினர்கள் இல்லை. செலவுக்கு அதிகாரம் கொடுப்பது ஆளுநர். அதனால் மாகாண மட்டத்தில் கேள்வி கேட்க உங்களுக்கு இருக்கும் வாசல் தகவல் அறியும் உரிமைதான்.

படி 6: பாதீட்டில் எதைத் தேடுவது

சபையின் பாதீடு செலவுப் பக்கத்தில் நிகழ்ச்சித்திட்டங்களாகப் பிரிந்திருக்கும்: பொது நிர்வாகம், சுகாதாரம், வீதியும் கட்டடமும், நீர் வழங்கல், பொதுப் பயன்பாட்டுச் சேவை, நலன்புரி. குப்பைக் கட்டணத்தின் கணக்கைப் பார்க்க வருமானப் பக்கத்தில் சேவைக் கட்டணத் தலைப்பையும், செலவுப் பக்கத்தில் சுகாதாரத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரவைவிடச் செலவு பல மடங்கு இருக்கும். உழவு இயந்திரம், எரிபொருள், அமைய ஊழியர் சம்பளம் எல்லாம் அதற்குள். கட்டணம் கட்டியும் வண்டி வரவில்லை என்றால் காசு வேறெங்கோ போனது என்று உடனே முடிவெடுக்காமல் எரிபொருள் ஒதுக்கீடு எந்த மாதத்தில் தீர்ந்தது என்று பாருங்கள்.

நிரந்தர ஊழியர் சம்பளம் பெரும்பாலும் மாகாண நன்கொடையாக வரும். அதைச் சபையின் சொந்த வருமானத்தோடு சேர்த்துக் காட்டினால் பாதீடு கொழுத்துத் தெரியும். முதலில் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

பாதீட்டின் முதல் வடிவத்தோடு நின்றுவிட வேண்டாம். நடு ஆண்டில் கூடுதல் செலவுக்கான குறைநிரப்பு மதிப்பீடும் தலைப்புக்குத் தலைப்பு நிதி மாற்றமும் வரும். வட்டாரத்துக்கென்று ஒதுக்கிய வீதிக் காசு வாகனம் திருத்தப் போவது இப்படித்தான், முறைப்படியே. மாதாந்தக் கூட்ட அறிக்கையில் அது பதிவாகியிருக்கும். கூட்டத்தைப் பார்வையாளராகப் போய்க் கேட்கலாம்.

ஒரு கால இடைவெளியைக் கவனியுங்கள். 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. 2025 நடுப்பகுதியில் புதிய சபைகள் கூடும்வரை செயலாளர்கள்தான் நடத்தினார்கள். அந்தக் காலத்து வேலைகளுக்குச் "சபைத் தீர்மானம்" கேட்டால் "இல்லை" என்ற பதில் வரும். "செயலாளரின் அனுமதியும் உள்ளூராட்சித் திணைக்களத்தின் அனுமதியும்" என்று கேட்க வேண்டும்.

படி 7: ஒரு கிரவல் றோட்டை அளந்து பார்ப்போம்

500 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இறுகிய பின் 150 மில்லிமீற்றர் தடிப்பு என்று மதிப்பீடு சொல்கிறது. 500 × 3 × 0.15 = 225 கன மீற்றர். ஏற்றி வரும்போது கிரவல் தளர்வாக இருக்கும், இறுக்கினால் சுருங்கும். ஏறத்தாழ 1.3 மடங்கு கொண்டுவர வேண்டும்: 292 கன மீற்றர். ஒரு கியூப் 2.83 கன மீற்றர். ஆகவே சுமார் 103 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பர் என்றால் 34, 35 லோட். கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒப்பந்தக்காரரோ யார் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 20 லோட்டோடு றோட்டு முடிந்தால் தடிப்பு 150 இல்லை, 90க்குக் கிட்ட. வேலை முடிந்த மறுநாளே மூன்று இடத்தில் சிறு குழி தோண்டி அடிமட்டத்தால் பார்த்தால் தெரியும். மாரி வந்த பிறகு பார்த்தால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

காசு நகரும் ஒழுங்கு: தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, அனுமதி, கேள்விகோரல் அல்லது கிராமச் சங்கத்துடன் நேரடி உடன்படிக்கை, வேலை, அளவீடு, வவுச்சர், காசோலை. ஒரு பங்கு பிடித்துவைப்புப் பணமாகச் சபையிலேயே நிற்கும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். அந்தக் காலத்துக்குள் றோட்டு கரைந்தால் எழுத்தில் முறையிடுங்கள். ஒப்பந்தக்காரரைத் திருப்பிக் கூப்பிடச் சபையிடம் உள்ள பிடி அந்தப் பணம்தான். அது விடுபட்ட பிறகு கொடுத்த முறைப்பாடு கோப்பில்தான் தூங்கும்.

வேலைகள் ஒக்டோபர், நவம்பரில் குவிவதற்குக் காரணம், மூலதன நன்கொடை பிந்தி வருவதும், ஒரே தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிறைய வேலைகளுக்கு மதிப்பீடு எழுத வேண்டியிருப்பதும். வன்னியில் அதுதான் மாரி தொடங்கும் காலம். ஈரத்தில் கொட்டிய கிரவல் இறுகாது. ஜனவரியிலேயே மதிப்பீடுகளை எழுதி வைத்திருக்கும் சபை, காசு வந்த கிழமையே வேலை தொடங்கலாம். உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி இதுவே.

படி 8: எழுத்தில் கேளுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளுக்கும் மாகாணத் திணைக்களங்களுக்கும் பொருந்தும். தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததற்கான பற்றை வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் 2 மாதங்களுக்குள் கொழும்பில் உள்ள ஆணைக்குழுவுக்கு. 2017இன் கட்டண விதிப்படி ஏ4 நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஒரு பக்கப் பிரதிக்கு 2 ரூபா. கோப்பை நேரில் பார்க்க முதல் மணித்தியாலம் இலவசம்.

"சந்தை வருமானம் பற்றிய எல்லா விபரமும்" என்று கேட்டால் எதுவும் வராது, அல்லது தேவையில்லாதது மூட்டையாக வரும். இப்படிக் கேளுங்கள்:

"2024, 2025 ஆண்டுகளில் இன்ன சந்தையின் குத்தகைக்கான குறைந்தபட்சக் கேள்வித் தொகை, ஏற்றுக்கொண்ட தொகை, டிசம்பர் 31 வரை கிடைத்த தொகை, நிலுவை."

"அதே ஆண்டுகளில் முத்திரைக் கட்டணத்துக்காக மாகாணத்துக்கு அனுப்பிய கோரிக்கைக் கடிதங்களின் திகதியும் தொகையும், கிடைத்த திகதியும் தொகையும்."

"இன்ன வீதியின் மதிப்பீடு, உடன்படிக்கை, இறுதி அளவீட்டுத் தாள், வவுச்சர் ஆகியவற்றின் பிரதி."

தனி ஆட்களின் வரி நிலுவையைப் பெயர் சொல்லிக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம். வகைவாரியாக மொத்தத்தைக் கேளுங்கள்.

கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையையும் அதே கடிதத்தில் கேட்கலாம். அதில் வாசிக்க வேண்டியவை மூன்று: கணக்குகள் சரியா என்று சொல்லும் அபிப்பிராயப் பந்தி, நிலுவைகள் பற்றிய பகுதி, பயன்படுத்தாத சொத்துகள் பற்றிய பகுதி. போன ஆண்டு சொன்ன அதே குறை இந்த ஆண்டும் அதே வசனத்தில் வந்திருந்தால், அந்தப் பந்தியின் பிரதியை இணைத்து உங்கள் மாவட்ட உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு எழுதுங்கள், ஒரு பிரதி மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு. கடிதத்தில் ஒரே ஒரு விடயம் இருக்கட்டும். ஐந்து குறையை ஒன்றாக எழுதினால் அதில் மிக இலேசான ஒன்றுக்குத்தான் பதில் வரும்.